எப்ப வந்து சேருவீங்க?

கொரோனாவில் விமானங்கள் தரையில் படுத்தபோது ஷெர்லினை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனம், இப்போது ஒரு சீட்டும் காலியில்லாமல் பறந்துகொண்டு அவளையே போனில் கூப்பிட்டது. ஒரகடத்தில், இப்போது வேலை பார்க்கும் கார் ஒயரிங் கம்பெனியின் கேன்டீனில் அவள் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பேசியவள் அறிவுமதி. ஷெர்லின் தலைமையில் விமானத்தில் டிராலி தள்ளப் பழகியவள். இன்று ஆளெடுக்கும் அதிகாரி.

"அக்கா, எப்ப வந்து சேருவீங்க?" என்று ஆரம்பித்தாள். அப்புறம்தான் குரலை இறக்கினாள். "ஆனா ஃப்ரெஷராதான்கா எடுக்க முடியும். பழைய இன்சார்ஜ் போஸ்ட் கிடையாதுன்றாங்க."

நேற்று வந்தவர்களுக்குக் கீழே மறுபடி புதுப்பெண்ணாக நிற்பதா? அத்தனை பணிப்பெண்களுக்கும் தலைவியாக நின்ற அந்தக் கதவோரம்தான் ஷெர்லினுக்கு வேண்டும். அது இல்லையென்றால் ஒயரிங் லைனே தேவலை.

"தோதுப்படாதும்மா. நல்லா இரு," என்று வைத்துவிட்டாள்.

எதிரே இருந்த முத்துச்செல்வி, திருநெல்வேலியிலிருந்து வந்து அவளோடு ஒரே ஒயரிங் லைனில் நிற்பவள், வடையைத் தட்டில் போட்டாள். "ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? வானத்துல பறக்க வேலைய வேண்டாங்கியே!"

"திரும்பக் கூப்புடுவா, பாரு."

"ஆமா, வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுவாவ."

ஷெர்லினின் அம்மா படப்பையில் மீன் விற்பவள். விலையைக் கேட்காமல், 'சுத்தம் பண்ண எவ்ளோ நேரம் ஆவும்?' என்று கேட்கிறவர் மனசுக்குள் மீனை வாங்கியாகிவிட்டது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறிவுமதியும் முதலில் கேட்டது எப்போது வருவீர்கள் என்றுதானே! இவ்வளவும் தெரிந்தும் ஷெர்லின் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்து வைத்தாள்.

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"எடுத்துத் தொல தாயி!" என்றாள் முத்துச்செல்வி.

"அக்கா, மேல பேசிட்டேன். இன்சார்ஜாவே வாங்க."

ஷெர்லின் உடனே பல்லைக் காட்டிவிடவில்லை. "என்னோட அனுப்புன மத்த பொண்ணுங்களுக்கும் அவங்கவங்க பழைய போஸ்ட்தானே?"

"இன்னாக்கா, இது புதுசா கீது?"

"கேட்டுட்டு சொல்லு. நா டீ குடிச்சுக்கினு இருக்கேன்."

மறுமுனையில் யாரோடோ குசுகுசுப்பு. பிறகு ஒரு பெருமூச்சு. "சரிக்கா, எல்லாருக்கும்தான். இப்பவாச்சும் சொல்லுங்க, எப்ப வர்றீங்க?"

"ஆங், இப்ப கேளு. சொல்றேன்."

கம்பெனி பஸ்ஸில் தினமும் தலைகளை எண்ணிவிட்டுக் கடைசியாக ஏறுவது ஷெர்லினின் விட்டுப்போகாத பழக்கம். அதற்காகவே 'ஏரோப்ளேன்' என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடிப்பார்கள். அன்று சாயங்காலம் யாரும் கிண்டலடிக்கவில்லை.

"இன்சார்ஜ் மேடம்!" பின் சீட்டிலிருந்து முத்துச்செல்வி கத்தினாள். "எல்லாரும் ஏறியாச்சு. கதவச் சாத்துங்க!"

ஷெர்லின் யூனிஃபார்ம் காலரை நீவிவிட்டுக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, சாத்தினாள்.