ஆற்றங்கரைக்குப் போன பலகை

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றபோதுதான் பாண்டிமீனா அந்த மின்பலகையைப் பார்த்தாள். ‘வைகையில் கூடுதல் தண்ணீர் திறப்பு. ஆற்றில் இறங்காதீர்’ என்று சிவப்பு எழுத்துகள் ஓடின. அவள் கணவன் நல்லகாமன் கோச்சடை ஆற்றுக்குள்தான் பசுவையும் கன்றையும் மேய்த்துக்கொண்டிருப்பான். பிறவியிலேயே காது கேட்காதவன். ஒலிபெருக்கி வண்டி கரையில் நின்று கத்தினாலும் அவனுக்குத் தெரியாது.

‘தண்ணி வருது, மேல ஏறுங்க’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

பஸ்ஸிலிருந்து குதித்து ஆட்டோ பிடித்தாள். “அண்ணே, கோச்சடை. வெரசாப் போங்க!”

பக்கத்து வீட்டு ரோகிணிக்குப் போன் போட்டாள். “ரோகிணி, ஒங்கண்ணன் ஆத்துக்குள்ள இருக்காரு. ஓடிப்போய்ப் பாரு தாயி!”

ஆட்டோ நெரிசலில் ஊர்ந்தது. ரோகிணி கூப்பிட்டாள். “மதினி, தண்ணி செவப்பா வந்துக்கிட்டிருக்கு. அண்ணே நடுத்திட்டுல நிக்குறாரு. நாங்க கையக் காட்டுனா அவரும் சிரிச்சுக்கிட்டுக் கையக் காட்டுறாரு!”

பாண்டிமீனா போனில் கத்தினாள். “டீக்கடை வாசல்ல கரும்பலகை இருக்குல்ல, அதுல பெருசா எழுதிக் காட்டு. படிப்பாரு!”

சாவுச் செய்தியும் குடிநீர் வரும் நேரமும் எழுதுகிற பலகை அது. ‘இன்று தண்ணீர் வராது’ என்றிருந்ததை ரோகிணி முந்தானையால் துடைத்தாள். ‘வெள்ளம்’ என்று பலகை நிறைய எழுதி, டீக்கடைக்காரர் கண்ணுச்சாமியும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போனில் அவர்கள் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு, “பார்த்துட்டாரு மதினி! மாட்டை அவுக்குறாரு!”

பாண்டிமீனா ஆட்டோவிலிருந்து இறங்கிக் கரைக்கு ஓடி வந்தபோது நல்லகாமன் இடுப்பளவுத் தண்ணீரில் பசுவின் வாலைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தான். கண்ணுச்சாமி வீசிய கயிறு இரண்டாம் முறைதான் கைக்கு எட்டியது. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

கன்றுக்குட்டி வரவில்லை. அவன் ஆற்றைக் காட்டி, மறுபடி இறங்கத் திரும்பினான். அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “போகக் கூடாது, போகக் கூடாது” என்று அவன் முகத்துக்கு நேரே வாயசைத்தாள். அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் பசு ஆற்றுப் பக்கமே கழுத்தை நீட்டிக் கத்தியது. நல்லகாமன் அதன் தாடையில் கைவைத்தபடி தொழுவத்திலேயே இருந்தான். பாண்டிமீனா சோற்றை அங்கேயே கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்தாள்.