சொந்த மைத்துனர் தேவை

அலுவலகத்தில் அவருக்கு அட்டவணையார் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் பணிப்பதிவேட்டோடு நின்றுவிட்டது. வனவிலங்கு வாழிடப் பாதுகாப்பு அலுவலகத்தில் திட்ட அலுவலராகிய அவர், காலையில் எழுந்தவுடன் அன்றைய பொழுதைத் தாளில் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வார். பல் துலக்க ஒரு கட்டம், செய்தித்தாள் படிக்க ஒரு கட்டம், மனைவி சொல்வதைக் கேட்க ஒரு கட்டம். இவற்றுள் மூன்றாவது கட்டத்தில் அவர் சவரம் செய்துகொள்வது வழக்கம். பேசுவது அவருடைய மற்றொரு பழக்கம். யாரேனும் மணி என்னவென்று கேட்டால், கடிகாரத்தைப் பார்க்குமுன் நேரம் பேணுதலின் இன்றியமையாமையை விளக்கத் தொடங்கிவிடுவார்.

இத்தகையவரிடம்தான் ஆற்று வளைவு ஒப்படைக்கப்பட்டிருந்தது. நகரத்தைத் தாண்டி ஆறு திரும்பும் அவ்விடம் நீர்நாய்களின் வாழிடம். அக்கரையிலேயே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தொல்குடியினரும் அலுவலகமும் கூட்டாகப் பாதுகாப்பதென்று உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஆகாவிடில், மேலிடம் அவ்வளைவைப் படகுச் சவாரி நிறுவனமொன்றுக்குக் கொடுத்துவிடும். வாத்து வடிவப் படகுகள் இருபது முன்கூட்டியே வந்திறங்கி, அலுவலகத்தின் பின்புறத்தில் அட்டவணையாரின் சன்னலை நோக்கிச் சிரித்தவண்ணம் காத்திருந்தன.

அவர் தொல்குடியினரின் சபைக்கு இருமுறை சென்றார். இருமுறையும் வாயைத் திறந்தார். இருமுறையும் சபை கலைந்துவிட்டது.

சபையை நடத்தியவர் நடுவயதுப் பெண்மணி. வலை பின்னுவது தொழிலாதலின் எல்லோரும் அவரை வலைக்காரம்மா என்றனர். இரண்டாம் முறை எழுந்து போகுமுன் அவர் பொறுமையாக விளக்கினார்.

"சார், ஒண்ணு கேட்டு வர்றவங்க எங்க சபையில பேசக் கூடாது. அவங்களுக்காக மச்சான்தான் பேசணும்."

"மச்சானா? எதுக்கும்மா?"

"உங்க பெருமையை நீங்களே சொன்னா நாங்க எப்படி நம்புறது? பொண்டாட்டியோட கூடப்பிறந்தவருக்கு உங்களைப் புகழணும்னு தலையெழுத்தா என்ன? அவரே நல்லதா ஒண்ணு சொன்னார்னா, அது நிஜமாத்தான் இருக்கும்."

"நான் நாற்பத்தாறு பக்கத்துக்கு அறிக்கை கொண்டுவந்திருக்கேன்மா!"

"அந்த அறிக்கைக்கு மச்சான் இருக்காரா?"

சபையினர் பாய்களைச் சுருட்டியபடியே சிரித்தனர்.

"வியாழக்கிழமை இன்னொரு தடவை கூடுறோம்," என்றார் வலைக்காரம்மா. "அன்னைக்கும் வாயைத் திறந்தீங்கன்னா, அப்புறம் அடுத்த மாசம்தான்."

அட்டவணையாருக்கு மைத்துனர் ஒருவர் இருந்தார், மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆயினும் இருவருக்கும் இரண்டாண்டுகளாகப் பேச்சில்லை. ஒரு திருமண வீட்டில், தாம் கரடியொன்றை நேருக்கு நேர் நின்று விரட்டிய வரலாற்றை அட்டவணையார் விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது, "மாமா, அது கறுப்புத் தண்ணி டேங்க்," என்று பந்தி முழுவதும் கேட்கும்படி மைத்துனர் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருஷமா என் தம்பி பேரை எடுத்தாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க," என்றார் மனைவி. "இப்ப நீர்நாய்க்காக அவன் வேணுமாக்கும்?"

"நாட்டுக்காகம்மா."

"அப்ப நாட்டுக்காக நீங்களே போய்க் கூப்பிடுங்க. என்னை நடுவுல இழுக்காதீங்க."

பழுதுபார்க்கும் கடையில் கதவு கழற்றப்பட்ட ஃப்ரிட்ஜுகள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து மைத்துனரின் கால்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன.

"மாப்ளே..."

"யாரது? கரடியா?" என்று குரல் மட்டும் வந்தது.

"நான்தான்பா."

"ஓ, டேங்கா? வாங்க மாமா."

அட்டவணையார் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தியைச் சொன்னார். மைத்துனர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வர்றேன். ஆனா எனக்கு உண்மையைத்தான் பேச வரும். பரவாயில்லையா?"

"கொஞ்சம் நல்ல உண்மையா பாத்துச் சொல்லுப்பா."

"தேடிப் பாக்கிறேன்."

வியாழக்கிழமை பிற்பகல், வலைகள் தொங்கிய கொட்டகையில் சபை கூடியது. அட்டவணையார் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குட்டை முக்காலியில் அமர்ந்தார். மைத்துனர் பக்கத்தில் நின்றார்.

"உங்க மாமாவுக்கு ஆறு தெரியுமா?" என்று வலைக்காரம்மா தொடங்கினார்.

"மேப்ல தெரியும்."

"நீந்துவாரா?"

"மழை பெஞ்சா ரோட்டைத் தாண்டவே அக்கா தோளைப் பிடிச்சுக்குவார்."

"எதாச்சும் ஒரு உயிரை வளத்திருக்காரா?"

"ரெண்டு மீன் வாங்கினார். அதுங்க சாப்பாட்டுக்கு அட்டவணை போட்டார். அதுல சனி, ஞாயிறு லீவு. அக்கா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. அங்க ரெண்டும் நல்லாக் கொழுத்திருக்கு."

"அது வந்து..." என்னும் சொல் அட்டவணையாரின் தொண்டைவரை வந்துவிட்டது, வாயும் பாதி திறந்துவிட்டது. அதனைக் கண்ட முன்வரிசையினர் இருவர் உடனே எழுந்து பாயைச் சுருட்டலாயினர். அவர் வாயை மூடினார். அவர்கள் பாயை விரித்தனர். மைத்துனர் முன்னெச்சரிக்கையாக அவருடைய செருப்பின்மேல் தம் காலை வைத்துக்கொண்டார்.

"சொன்னா கேப்பாரா?"

இக்கேள்வியைக் கேட்டதும் மைத்துனர் தலையைச் சொறிந்தார்.

"முதல் தடவை காதுலயே வாங்க மாட்டார். ரெண்டாவது தடவை விளக்கம் குடுப்பார். மூணாவது தடவை கோவிச்சுக்குவார். அதுக்கப்புறம் இறங்கிட்டார்னா அரைகுறையா விடமாட்டாருங்க. சமையலறையில அலமாரி வேணும்னு அக்கா ஆறு மாசம் கேட்டாங்க. இப்ப அதைக் கழட்டணும்னா வீட்டையே இடிக்கணும்."

கொட்டகை சிரிப்பால் அதிர்ந்தது. வலைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வேலியைப் பத்தி நாங்க மூணு தடவை எழுதி அனுப்பினோம்," என்றார்.

அந்த வேலி அட்டவணையாரின் படைப்பு. நீர்நாய்களைக் காக்கவென்று நான்காண்டுகளுக்கு முன் வளைவு நெடுகிலும் நீர்விளிம்பையொட்டி அவர் எழுப்பிய கம்பி வேலி அது. அதனருகே அவர் மார்பை நிமிர்த்தி நிற்கும் நிழற்படம் மேலதிகாரியின் அறையில் தொங்குகிறது. வந்த கடிதங்கள் மூன்றையும் அவர் 'பிற' என்னும் கட்டத்தில் பதிந்து வைத்திருந்தார்.

"நீர்நாய் எந்நேரமும் தண்ணியிலேயே கிடக்கும்னு நினைச்சுட்டீங்க," என்றார் வலைக்காரம்மா. "அது கரையேறி மணல்ல புரண்டு உடம்பைத் துவட்டணும். குட்டி போடக் கரைமேல பொந்து வேணும். வேலி வந்த வருஷமே அதுங்க மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுத் தடுப்பணைப் பக்கம் போயிடுச்சு. நீங்க இப்பக் காவல் காக்கிறது வெறும் மணலை. கரையை நாங்க பாத்துக்கிறோம். அந்த வாத்துங்க வராம நீங்க பாத்துக்குங்க. கூட்டுன்னா அதுதானே? கையெழுத்துப் போட நான் தயார். வேலி நிக்கிற கரைக்குப் போட மாட்டேன்."

அட்டவணையாரிடம் பதினொரு மறுமொழிகள் அணிவகுத்து நின்றன. அவற்றை வரிசைப்படுத்தும்போதே சென்ற ஆண்டின் கணக்கெடுப்பு நினைவுக்கு வந்தது. நீர்நாய் என்னும் கட்டத்தில் சுழியம் இருந்தது. அதற்கெதிரே, 'கணக்கெடுத்தவரின் கவனக்குறைவு' என்று அவரே குறிப்பெழுதியிருந்தார். இன்று ஒப்புக்கொண்டால், நாளை மேலதிகாரியின் அறைக்குச் சென்று அந்த நிழற்படத்தைத் தம் கையாலேயே கழற்ற வேண்டியிருக்கும்.

"இப்ப நீங்க பேசலாம்," என்றார் வலைக்காரம்மா. "ஒரே ஒரு வாக்கியம்."

மைத்துனர் காலை எடுத்துக்கொண்டார். "சின்னதா முடிங்க மாமா," என்று காதோடு சொன்னார்.

முன்வரிசையினர் பாய்களின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தனர். அட்டவணையார் நாற்பத்தாறு பக்க அறிக்கையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"நீங்க சொன்னபடி வேலியை நாளைக்குக் காலையில எடுத்துடுறோம்," என்றார்.