அடைப்புக்குறிக்குள் ஓர் அழுகை

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முட்டத்தில் செசிலியின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரி செசிலி. அவளுடைய மகள் அஜிதா. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு திரைக்கதை எழுதியிருந்தாள். அதைக் குறும்படமாக எடுக்க நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பெனின். அம்மா வேடத்தில் நடிக்கவிருந்த ஜெஸ்பின். ஐந்தாமவர் செசிலியின் மாமனார் சிலுவைமுத்து. ஊர்க் கோவிலின் பங்குப் பேரவைத் துணைத்தலைவர், எழுபத்து நான்கு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாதவர்.

ஆறாவதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் சுவரில் மாட்டியிருந்த கிளீட்டஸைச் சேர்க்கலாம். சிலுவைமுத்துவின் ஒரே மகன், செசிலியின் புருஷன். எட்டு வருடங்களுக்கு முன் புயலில் சிக்கிய மீன்பிடி வள்ளத்தோடு போனவன். அவன் படத்துக்கு மாலை கிடையாது. செசிலி போடவிட்டதில்லை.

அந்த வள்ளத்தில் போன நான்கு பேரில் ஒருவர் உடலும் கரைக்கு வரவில்லை. மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் மணலில் விழுந்து அழுதார்கள். செசிலி அழவில்லை. தாலியையும் கழற்றவில்லை, வண்ணச் சேலையையும் விடவில்லை. அது போதாதென்று இன்னொன்றும் சேர்ந்தது. கிளீட்டஸின் கைபேசி எண்ணுக்கு யார் அழைத்தாலும், வருடங்கள் போன பிறகும், 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றே பதில் வந்தது. ரீசார்ஜ் செய்யாத எண் அத்தனை காலம் உயிரோடு இருக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊர் கணக்கை முடித்துவிட்டது: கிளீட்டஸ் சாகவில்லை, கேரளாவில் எவளோடோ இருக்கிறான், செசிலிக்கு அது தெரியும், எண்ணுக்குக் காசு போடுவதும் அவள்தான்.

காசு போட்டவர் சிலுவைமுத்து.

தவணை முடிகிற ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறித் திங்கள்சந்தைக்குப் போய், தன்னை அறியாத ஒரு கடையில் எண்ணைச் சொல்லிவிட்டு வருவார். காலையில் ஜெபம் முடிந்ததும் அந்த எண்ணை ஒருமுறை அழைப்பார். ஒரு பெண்குரல் அதையே சொல்லும். அணைத்து வைத்தவன் ஒருநாள் திரும்பப் போடலாம் என்கிற இடம் அந்தச் சொல்லில் இருந்தது. மகனோடு போன இன்னொருவனின் எண்ணை ஒரு வருடம் கழித்து அழைத்தபோது யாரோ முன்பின் தெரியாத ஆள் எடுத்து, "யாரு வேணும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி மகன் எண்ணிலிருந்து வந்துவிடக்கூடாது.

பழி மருமகள் தலையில் விழுகிறது என்பது அவருக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் எடுத்ததுண்டு. ஆனால் சிலுவைமுத்து செத்த மகனுக்குத் தினமும் போன் போடுகிறார் என்று மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று சிரிப்பார்கள். நினைத்த மாத்திரத்தில் முதுகு நிமிர்ந்துவிடும், வாய் மூடிவிடும். அதனால்தான் அஜிதா அப்பாவைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது கூப்பிட்டுச் சொன்னார்: "உங்கம்ம அழுதான்னு எழுது மக்கா. நல்லா அழுதான்னு எழுது. நாலு பேரு பாக்கட்டும்." படத்தில் அழுதுவிட்டால் ஊர் வாயடைத்துவிடும் என்பது அவர் எண்ணம்.

ஜெஸ்பின் திரைக்கதையை, அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடாமல், வாசித்துக்கொண்டிருந்தாள். கதையில் அம்மாவின் பெயர் ரோஸ்லின்.

"ரோஸ்லின், கதறி அழுகிறாள். 'நான் இனி யாருக்காக இருப்பேன்?' விம்முகிறாள். மணலில் விழுகிறாள். மேலும் அழுகிறாள்."

நல்ல நடிகை. இரண்டு வரிக்குள் கண் நிறைந்து குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் அறையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூலையில் சாயங்காலத்துக்கு மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த செசிலியின் கத்திச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

"நிறுத்து," என்றான் பெனின். "அஜிதா, எண்ணிப் பாத்தேன். ஏழு பக்கத்துல பதினாலு அழுகை. அந்தக் கண்ணீர்லயே வள்ளம் எறக்கலாம்."

"கிளிசரினுக்கு இப்பவே சொல்லி வையுங்க அண்ணா," என்று ஜெஸ்பின் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அரை லிட்டர் காணாது."

அஜிதாவுக்குக் காது சிவந்தது. தாள்களை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அழலன்னா பாக்கிறவங்களுக்கு அவ வேதனை எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும்லா? ஆனா அதுல உனக்கே நம்பிக்க இல்ல. அதான் ஒவ்வொரு வரியிலயும் அடைப்புக்குறி போட்டு எங்களுக்கு வெளக்கம் சொல்லுத. கேமராவுக்கு அடைப்புக்குறி வாசிக்கத் தெரியாது, கேட்டியா?"

"தம்பி," என்றார் சிலுவைமுத்து. "அது நான் சொல்லி எழுதினது. கெடக்கட்டும்."

"பெரியவரே, அது வந்து…"

"புருஷன் செத்தா பொண்டாட்டி அழுவா. அதுதான் குடும்பம். அதுல வெட்டுததுக்கு ஒண்ணுமில்ல."

பெனின் அவரிடம் வாதாடவில்லை. மூலைப் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு அழுதீங்களா?"

"இல்ல," என்றாள் செசிலி. கத்தி நிற்கவில்லை. "உசுரோட இருக்கவனுக்கு எவளாவது அழுவாளா?"

சிலுவைமுத்துவுக்கு முதலில் சரியாக விளங்கவில்லை. "ஏ பிள்ளே, என்ன பேசுத?"

"நீங்க பெரியவங்க, உங்க முன்னால சொல்லப்பிடாதுன்னு இத்தன நாளும் இருந்தேன் மாமா. நாந்தான் அந்த நம்பருக்குக் காசு போடுதேன்னு ஊர்ல சொல்லுதாவ. நான் ஒரு தடவகூட போட்டதில்ல. நீயும் போடலல்லா?" என்று மகளைப் பார்த்தாள்.

அஜிதா இல்லையென்று தலையாட்டினாள். "நீதான் போடுதன்னு நெனச்சேன் அம்மா."

"பாத்தியா. அப்போ யாரு? கடலுக்கு அடியில கெடக்கவனா கடைக்குப் போவான்? அவருதான் போடுதாரு. எங்கயோ சொகமா இருந்துகிட்டு, நாங்க இருக்கோமா செத்தோமான்னு ஒரு வார்த்த கேக்காம." கிழங்கைத் திருப்பிப் பிடித்தாள். "மொதல்ல வந்துருவாருன்னு இருந்தேன். பொறவு நான் தாலி கழட்டாதது பிரியத்துல இல்ல மாமா. வந்து நின்னாருன்னா மூஞ்சியில விட்டெறியதுக்கு."

சிலுவைமுத்து சுவரைப் பார்த்தார். கிளீட்டஸ் கல்யாணத்துக்கு எடுத்த படத்திலிருந்து சிரித்துக்கொண்டிருந்தான். எட்டு வருடமாக ஊர் அவனைப் பற்றிச் சொன்னதைச் செசிலியும் நம்பியிருக்கிறாள். நம்பவைத்தது ஊர் இல்லை. இப்போதும் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். மற்ற நான்கு பேரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் சாகிறவரை பெண்டாட்டி பிள்ளைக்காக உழைத்தவன். அவனை ஓடுகாலி ஆக்கி அந்தச் சுவரில் மாட்டி வைத்திருந்தது அவன் அப்பன்.

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, முதலில் இருந்ததே அதுதான். ஒலிபெருக்கியைப் போட்டு, தேநீர் டம்ளர்களுக்கு நடுவில் வைத்தார்.

பெண்குரல் தமிழில் ஒருமுறை சொன்னது. பிறகு ஆங்கிலத்தில் ஒருமுறை. பிறகு அணைந்தது.

"தெனமும் காலையில இதக் கேப்பேன்," என்றார். "காசு போடுதது நாந்தான் பிள்ளே. திங்கள்சந்தையில. எட்டு வருசமா."

சொல்லி முடித்தபோது அவருடைய முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

செசிலி தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள். அது ஏற்கனவே சீவியது, பால்போல வெள்ளையாக இருந்தது. அதைச் சீவத் தொடங்கினாள். தோல் இல்லாத கிழங்கிலிருந்து சதை ஏடு ஏடாக மடியில் விழுந்தது. கைப்பிடி அளவு இருந்தது விரலளவு ஆனது. பிறகும் சீவினாள். அஜிதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஜிதா பார்ப்பதைப் பெனின் பார்த்தான்.

கத்தி விரலில் தட்டியதும் செசிலி நிறுத்தினாள்.

"காலையில எந்திச்சதும் மொத வேலையா அவரத்தான் திட்டுவேன் மாமா. ஒருநா விடாம."

சிலுவைமுத்து டம்ளர்களுக்கு நடுவில் கிடந்த கைபேசியைப் பார்த்தார். அவர் அந்த எண்ணை அழைக்கிறதும் அதே நேரம்தான்.

"இனி காசு போடாதீங்க," என்றாள்.

"வேற எவனாவது எடுத்து யாருன்னு கேட்டா?"

"கேக்கட்டும். நீங்க கூப்பிடாம இருங்க." மடியில் கிடந்த சீவலை அள்ளித் தட்டில் போட்டாள். "கல்லறைத் திருநாள் பட்டியல்ல அவரு பேரச் சேருங்க."

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் ஊரின் இறந்தவர்கள் பெயரையெல்லாம் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பெயர்களை வீடு வீடாக எழுதி வாங்கி வாசிக்கிறவர் சிலுவைமுத்துதான். தன் மகன் பெயரை மட்டும் அவர் இதுவரை வாசித்ததில்லை.

"சேக்குதேன்," என்றார்.

அஜிதா பேனாவை எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அடைப்புக்குறிகளை அடித்துக்கொண்டு வந்தாள். பதினான்கையும் அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, நீ மரச்சீனி சீவினத எழுதட்டா?"

செசிலி விரலைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டாள். "எழுது. இப்படி வீணாக்கினேன்னு எழுதாத ஏட்டி. ஒழுங்கா சீவினேன்னு எழுது."

ஆனால் அஜிதா எழுதியது இது: 'ரோஸ்லின் சீவிய கிழங்கை மறுபடியும் சீவுகிறாள்.' அடுத்த வரியை வெறுமையாக விட்டாள். இது போதுமா என்று யாரையும் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாள் மாலையில் சிலுவைமுத்து பட்டியலை வாசித்தார். கடைசிப் பெயர் கிளீட்டஸ். செசிலி வெள்ளைச் சேலையில் மகளோடு நின்று, உடல் இல்லாத ஒரு கைப்பிடி மணல்மேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்பு முடிவதற்குள் கூட்டத்தில் புதிய பேச்சு ஓடத் தொடங்கியிருந்தது: கொல்லத்தில் இருந்தானாம், போன மாதம்தான் செத்தானாம், சேதி வந்து அப்பனுக்கு இப்போதுதான் தெரியுமாம்.

அது அவர் காதுக்கு வந்தது. ஒலிபெருக்கியை அணைக்கப் போனவரைத் தடுத்து, ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"எம் மவன் கிளீட்டஸ் கொல்லத்துல சாகல்ல. எட்டு வருசத்துக்கு முன்ன, புயல்ல, கடல்ல செத்தான். அவன் நம்பருக்குக் காசு போட்டது நான். செசிலி இல்ல."