கிரகண ஊக்கு

பதினோரு வருடமாக என் மாமியார் ஹெனோவேவா அந்த ஊக்கைச் சமையலறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே மாட்டி வைத்திருந்தார். கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையை நிலா கடிக்காமலிருக்க, கர்ப்பிணிகள் வயிற்றின் மேல் துணியில் குத்திக்கொள்ளும் ஊக்கு; நான் குத்திக்கொள்ள மறந்தது. என் மகள் நயேலியின் இடது கையில், தோளிலிருந்து விரல்வரை பழுப்புக் கோடுகள் சுழன்று இறங்குவதற்கு என் மறதிதான் காரணம் என்று எங்கள் ஊர் புவெப்லாவில் அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பிள்ளைக்கு எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை.

"நிலா கடிச்சது ரத்தத்துல எப்படிடி தெரியும்?" என்றார் மாமியார்.

டாக்டர் கிசெலா விடவில்லை. கோட்டிலிருந்தே துளி தோலை எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று மாமியாரையும் கூட்டிப்போனேன்.

"கோட்டுத் தோல்ல மட்டும் ஒரு மரபணு மாறியிருக்கு," என்றார் டாக்டர். "அம்மா அப்பாகிட்ட அது இல்ல. கரு உண்டான முதல் சில வாரத்துல, ஒரு செல் பிரியும்போது நடந்த பிழை. அந்த ஒரு செல்லோட வாரிசுங்கதான் இந்தக் கோடு. வருஷத்துக்கு ஒருதடவை பார்த்துக்கிட்டா போதும்."

"கிரகணம் வந்தப்ப எனக்கு ஏழாம் மாசம், அத்தை," என்றேன்.

மாமியார் விரல்விட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"நல்லா எண்ணுங்க, அத்தை."

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து ஊக்கை எடுத்தேன். நயேலியின் இடது சட்டைக்கையைத் தோள்வரை மடித்து, அது இறங்காமல் அந்த ஊக்கைக் குத்தி, தெருவில் விளையாட அனுப்பினேன்.