சிவப்பு ஒயர்

மழை விட்டிருந்தாலும் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அதை இறைக்கும் டீசல் எஞ்சின் முந்தின நாள் புகைந்து நின்றுவிட்டது. பிஸ்டன் போயிருந்தால் உனக்கும் இங்கே வேலையில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எஞ்சினை ஓட்டுகிற கொளஞ்சியப்பன், இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

மஸ்கட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு லெப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பியிருந்த மெக்கானிக் அல்தாப், புகைக்குழாயிலிருந்து சூடு காட்டும் மீட்டருக்குப் போகிற ஒயரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இத யாருண்ணே மாட்டுனது?"

"நாந்தான் பாய். எலி கடிச்சுப்புடுச்சு. செவப்பு ப்ளஸ்ஸுதானே? டிராக்டர் பேட்டரில அப்படித்தான மாட்டுறோம்."

"இதுல செவப்பு மைனஸு. சூடு ஏற ஏற முள்ளு கீழ போயிப் படுத்துக்கும். நீங்க குளுந்துருக்குன்னு நெனச்சு ஓட்டிட்டீங்க."

முள் படுத்திருந்த நிம்மதியில் டீ வாங்கிக் குடித்தது கொளஞ்சியப்பனுக்கு ஞாபகம் வந்தது.

"பேட்டரியே இல்லியே பாய். இதுல ஏது ப்ளஸ்ஸு மைனஸு?"

அல்தாப் குழாயிலிருந்து அதை உருவினார். இரண்டு கம்பிகள், நுனியில் ஒன்றாக உருக்கி ஒட்டியிருந்தன. "ரெண்டும் வேற வேற உலோகம். இந்த முனை சூடாயி அந்த முனை குளுந்துருந்தா, அந்த வித்தியாசமே கரண்டத் தள்ளும். ரெண்டும் ஒரே உலோகம்னா சமமாத் தள்ளிக்கிட்டு ஒண்ணும் வராது."

"மஸ்கட் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம் பாய்."

"கைய நீட்டுங்க."

மறுமுனைகளைத் தன் கைமீட்டரில் கோத்துவிட்டு, நுனியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். ஈரக்காற்று அடித்தது. மீட்டரில் எண்கள் அசைந்தன. நரைத்த பிறகு சாயங்கால வகுப்பில் எழுத்துப் படித்தவர் கொளஞ்சியப்பன்; இப்போதும் விரல் வைத்துத்தான் படிப்பார்.

"சுழி... புள்ளி... மூணு."

"மில்லிவோல்ட்டு. ஒங்க ஒடம்புச் சூடுதாண்ணே அது."

கையைத் திறந்தார், எண் இறங்கியது. மூடினார், ஏறியது. மறுபடியும் திறந்தார். பள்ளம், தண்ணீர், சூப்பர்வைசர் எல்லாம் எங்கோ போயிருந்தன. பாறை உடைத்துக் காய்த்துப்போன கை அது. ராத்திரியில் கடுக்கும்போது மட்டும்தான் அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியும். அது சும்மா மூடியிருந்தாலே ஒரு எண்ணைத் தூக்கிவிடும் என்று யாரும் சொன்னதில்லை.

அல்தாப் நுனியைத் திரும்பப் புகைக்குழாயில் செருகி, ஒயர்களை மாற்றி மாட்டினார். "ஸ்டார்ட் அடிங்கண்ணே. சத்தம் சுத்தமா வந்தா தப்பிச்சோம்."

எஞ்சின் இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. அல்தாப் கண்ணை மூடி அதன்மேல் காதைச் சாய்த்தார். கொளஞ்சியப்பன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறை நடுங்கிவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்திருப்பதுபோல மெல்ல மேலே வந்தது. அவருடைய வலது கை தானாகவே மூடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.