இரண்டு போத்தல் கிணற்றுத் தண்ணீர்

போத்தல்களை வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்தவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. குசினியில் அப்போது நானும் வாளியும் மட்டுமே இருந்தோம். ஒரு சாராயப் போத்தலில் வெள்ளவத்தைக் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கொட்டாஞ்சேனைக் கிணற்றுத் தண்ணீர். சூடேறினால் பரிசோதனை பிழையாகிவிடும் என்று நினைத்தேன். சோற்றுப்பசை தடவி, கந்தோரில் பேரேடு எழுதிப் பழகிய என் அழகான கையெழுத்தில் ஊரும் திகதியும் எழுதி ஒட்டியிருந்தேன். விடிந்து பார்த்தால் கடுதாசிகள் இரண்டும் மேலே மிதந்தன. போத்தல்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலக் கீழே நின்றன.

சாராயப் போத்தல் என்றதும் தவறாக நினைக்க வேண்டாம். போத்தல்கள் கந்தோர் நண்பருடையவை. அவற்றை வெறுமையாக்கிய புண்ணியமும் அவருக்கே. ஆனால் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் மருதானைத் தெருவில் நடந்தபோது, எதிரே வந்த அறிமுகக்காரர்கள் எல்லாரும் என்னை வழக்கத்தைவிட அன்பாகப் பார்த்தார்கள்.

நானும் என் மனைவி றஞ்சிதமும் கொழும்பு மருதானையில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு வீடு வாங்கப் புறப்பட்டிருந்தோம். வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று, இரண்டும் ஒரே விலை. ஞாயிறு மாலைக்குள் யாராவது ஒருவருக்கு ஓம் சொல்லியாக வேண்டும்.

மருதானை வீட்டிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம். யாழ்ப்பாண மெயிலில் வந்து இறங்குகிற எங்கள் ஊரார் முகம் கழுவுவது எங்கள் கிணற்றடியில்தான். வேலை தேடி வருவார்கள், வைத்தியரிடம் கண் காட்ட வருவார்கள், வழக்குக்கு வருவார்கள். நாங்கள் இரண்டு பேர். உலை மட்டும் எந்நாளும் எட்டுப் பேருக்கு. வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வாய்க்காக உழைத்தது றஞ்சிதத்தின் கை. சொந்த வீட்டிலாவது அவள் ஆறுதலாக இருக்க வேண்டும் என்பதே என் ஒரே எண்ணம். எந்த வீடு பிடித்திருக்கிறது என்று கேட்டால், "உங்கட விருப்பம்" என்பாள்.

ஆகவே ஊரெல்லாம் கேட்டேன். கந்தோரில் ஸ்ரீஸ்கந்தராசா, "வெள்ளவத்தை எண்டா வெள்ளவத்தைதான் ஐசே!" என்றார். உப்புக்காற்றில் யன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று வெள்ளவத்தை வீட்டுக்காரர் வரதராசாவைக் கேட்டேன். "காத்து நல்ல காத்து, தம்பி" என்றார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நித்திரை குழம்புமா என்று கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் மஹ்ரூப் ஹாஜியாரைக் கேட்டேன். "கப்பல் வந்தாத்தானே தம்பி, அரிசி வரும்" என்றார்.

மனிதர் நேராகப் பதில் சொல்லப்போவதில்லை, தண்ணீராவது சொல்லட்டும் என்று தீர்மானித்தேன். கொழும்பில் தெருத்தெருவாகக் குழாய் வந்துவிட்டது உண்மை. ஆனாலும் வீடு பார்க்கப் போன யாழ்ப்பாணத்தான் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றை. இரண்டாவதாகக் கேட்பது, இந்தத் தண்ணீரில் பருப்பு அவியுமா என்பதை.

பெயர்க் கடுதாசிகள் கழன்ற பின்னும் பரிசோதனையை விட மனம் வரவில்லை. இரண்டு சட்டியில் பருப்புப் போட்டேன். ஒன்று அரை மணித்தியாலத்தில் வெண்ணெயாகக் கரைந்தது. மற்றது இரண்டு மணித்தியாலம் கொதித்த பின்னும் எறிந்தால் காகம் விழும் பதத்தில் இருந்தது. எது எந்த ஊர்?

இராஜநாயகம் அத்தான் வந்து கரைந்த பருப்பை ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். என் அக்காவின் புருஷன். முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்க்க இரண்டு கிழமைக்கென்று தையில் வந்தவர், இப்போது ஆனி.

"இது வெள்ளவத்தை" என்றார்.

"எப்பிடித் தெரியும் அத்தான்?"

"ருசியாயிருக்கு."

ஞாயிறு காலை மறுபடியும் தண்ணீர் எடுக்கப் போனோம். இம்முறை பெயர்களைப் போத்தலின் கழுத்தில் நூலால் கட்டியிருந்தேன். வீடுகள் இரண்டையும் ஒருமுறை வடிவாகப் பார்க்க றஞ்சிதமும் வந்தாள். கூப்பிடாமலே அத்தானும் வந்தார்.

வெள்ளவத்தை வீட்டின் கூடம் நீளமானது. கடற்காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போனது. அத்தான் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுச் சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்தார். பிறகு ஒருமுறை உருண்டார், மறுமுறை உருண்டார். சுவர்வரை உருண்டு முடித்துத் தலையைத் தூக்கினார்.

"மச்சான், ஆறு பாய் போடலாம். விறாந்தையில இன்னும் மூண்டு. விடியக் கடல்ல காலை நனைச்சா என்ர முழங்காலுக்கும் நல்லது. ஊரில எல்லாருக்கும் எழுதிப்போட்டன்."

றஞ்சிதம் குசினியை எட்டிப் பார்த்தாள்.

"நாலு அடுப்பு, தங்கச்சி" என்றார் வரதராசா பெருமையோடு. "கலியாண வீட்டுக்கே சமைக்கலாம்."

"ஓம்" என்றாள் றஞ்சிதம். அந்த ஓம் கிணற்றுக்குள் விழுந்த கல்லைப் போலப் போனது. நானோ கிணற்றடியில் போத்தலை நிரப்பிக்கொண்டு, இத்தனை வசதியான வீடு என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனை வீடு பக்கத்து வீடுகளோடு தோள் முட்டி நின்றது. இரண்டு அறை, இரண்டாவது அறையில் அலுமாரியை வைத்தால் ஆள் வெளியே நிற்க வேண்டும். கோயில் மணி அடித்தது, அது ஓய முன்னே ஒரு கப்பல் ஊதியது. மஹ்ரூப் ஹாஜியார் என் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போத்தலைத் தொடாமல் வாளிக் கயிற்றை மட்டும் நீட்டினார்.

அத்தான் வாசலைத் தாண்டவேயில்லை. "இதில காலை நீட்டினா ரோட்டில கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை வாங்கப் புறக்கோட்டைப் பக்கம் நடந்தார்.

"ரெண்டு பேருக்குக் கணக்கா இரிக்கி, மகள்" என்றார் ஹாஜியார் சற்றுக் கூச்சத்தோடு.

"மூண்டாவது ஆள் வந்தா?" என்று கேட்டாள் றஞ்சிதம்.

"வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். படுக்கத்தான் ஏலா."

றஞ்சிதம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பகிடி விடுகிறவன் என்று கந்தோரில் பெயரெடுத்தவன் நான். என் பகிடி ஒன்றுக்கு அவள் இப்படிச் சிரித்துக் கண்டதில்லை. சிரித்து முடித்து வாசல்படியில் உட்கார்ந்தாள். அவசரமில்லாமல், காலை நீட்டி. அவள் பகலில் உட்கார்ந்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

போத்தல்களோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"றஞ்சிதம், வீட்டை போய்ப் பருப்பை அவிச்சுப் பாத்திட்டு முடிவெடுப்பமே?"

"எத்தினை தரம் அவிக்கிறது?" என்றாள்.

"அப்ப நீர் ஒரு சொல்லுச் சொல்லும். வெள்ளவத்தையோ, கொட்டாஞ்சேனையோ? 'உங்கட விருப்பம்' எண்டு மட்டும் சொல்லாதையும்."

அவள் என் கையிலிருந்த இரண்டு போத்தல்களையும் வாங்கினாள். ஒன்றன்பின் ஒன்றாக வாசலோரத்துக் கழிவுநீர்க் கானில் கவிழ்த்துக் கொட்டினாள்.

"கொட்டாஞ்சேனை" என்றாள். "ரெண்டு அறை, ஒரு அடுப்பு, பாய் போட இடமில்லை. பருப்பு அவியாட்டி இன்னும் நல்லது."