மாமியார் திரும்பும்போது வாசிக்க வேண்டியது

1

இந்தக் கதை முடிதிருத்தும் கடையில் பிறந்தது. சுவரில் இருந்த டிவியில் ஒரு மாமியார் மெல்லத் திரும்பிப் பார்த்தார்; எலக்ட்ரிக் கிதார் ஒன்று அலறியது. என் கழுத்தில் கத்தி வைத்திருந்தவர் டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உயிர் போய்த் திரும்பிய எனக்கு ஒரே கேள்வி: இதையும் எவனோ உட்கார்ந்து வாசித்திருக்கிறானே, யார் அந்தப் புண்ணியவான்?

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவன் கிதாரைத் தோளில்..." வேண்டாம். நனைந்தால் கிதார் கெட்டுப்போகும்.

இரண்டாவது: ஒரு காலத்தில் அவன் மேடை ஏறினால் கூட்டம் கூரையைப் பிய்க்கும். 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு ராக் குழு உடைந்தது. (ஏன்? ஐந்து பேர், ஒரே வேன். வேறு காரணம் வேண்டுமா?) இப்போது டிவி தொடருக்குப் பின்னணி இசை போட வந்திருக்கிறான். இதுவும் கைநழுவினால் கிதாரை விற்றுவிட்டு மாமனாரின் டயர் கடையில் உட்காருவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.

இது இருக்கட்டும்.

3

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். இசை தயாராகும்வரை எடிட்டர் காட்சிக்கு ஏதாவது பழைய பாட்டை ஒட்டிவைப்பார். இசையமைப்பவர் அதே மாதிரி, ஆனால் அதுவாக இல்லாமல், புதிதாக ஒன்று போட வேண்டும். மாமியார் திரும்பும் காட்சிக்கு ஒட்டியிருந்தது இடியின் சொந்தப் பாட்டு.

இயக்குநருக்கு அது தெரியாது.

"நல்லாத்தான் வாசிக்கிறீங்க சார். ஆனா இந்தப் பழைய பாட்டுல அவன் வாசிச்சதுல ஒரு வெறி இருக்கு பாருங்க, அது உங்ககிட்ட இல்ல."

"அப்ப அவரையே கூப்பிடுங்களேன்."

"எங்க கூப்பிடுறது? ஆளு போய்ச் சேந்துட்டானாம். பாவம், என்ன ஒரு கலைஞன்!"

(இங்கே "அது நான்தான்" என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். நானும் கெஞ்சிப் பார்த்தேன். ஆனால் உயிரோடு இருந்தவரை யாரும் அவனை இப்படிப் புகழ்ந்ததில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று இருந்துவிட்டான்.)

4

கடைசியில் பொறுமை போய், பழைய பாட்டையே சுரம் பிசகாமல் வாசித்தான். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கிட்ட வந்துட்டீங்க. ஆனா காப்பி அடிக்கிறது தெரியுது."

இடிக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை.

"அடடா, உங்களுக்கும் அவன்னா உசுரா? எல்லாரும் எந்திரிங்கப்பா, அவனுக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம். அப்புறம் ஒரே ஒரு டேக். அதுலயும் வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன், கோச்சுக்காதீங்க."

எடிட்டர் எழுந்தார். ஒலிப்பதிவாளர் எழுந்தார். இடியும் எழுந்து, தனக்காகத் தலைகுனிந்து நின்றான்.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறான், யாரும் நம்பவில்லை. முடிவு இரண்டு: நம்புகிறார்கள், செத்தவன் மேல் இருந்த மரியாதை போய், வேறு பாட்டை ஒட்டுகிறார்கள். முடிவு மூன்று: டயர் கடையில் அவன்... இல்லை, எழுத மனசு வரவில்லை. முடிதிருத்தும் கடையில் நான் கேட்டது இவன் வாசித்ததா, வேறு ஆளா என்றும் எனக்குத் தெரியாது.

எனவே மௌனத்திலேயே நிறுத்தப் பார்த்தேன். பாதியில் இடியின் செல்போன் அடிக்கிறது. ரிங்டோன் அதே பாட்டு, மனைவி வைத்துக்கொடுத்தது. இயக்குநர் கண்ணைத் திறக்கிறார்.

"பாத்தீங்களா, செத்தும் கூப்பிடுறான்! எடுங்க சார், என்னன்னு கேளுங்க."

இடி எடுக்கிறான்.

"என்னங்க, வேலை கெடச்சுதா? இல்ல அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

மூன்று பேரும் அவன் வாயையே பார்க்கிறார்கள். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். சீக்கிரம், அவளுக்குப் பொறுமை கிடையாது.